தடைப்பட்ட புதுப்பிப்பு

வீட்டில் கணிப்பொறி வைத்திருப்போர் அனைவரும் ஒருநாள் சந்திக்கக்கூடிய இடர் ஒன்றைப் பற்றி இன்று பேசப்போகிறேன். திரையிலே ‘புதுப்பித்தல் நடைபெறுகிறது, கணிப்பொறியை அணைக்காதீர்’ என்னும் சொற்கள் தோன்றுகின்றன. பத்து விழுக்காடு, முப்பது விழுக்காடு என்று எண் ஏறுகிறது. பெரும்பாலும் அது நூற்றை எட்டி, வேலை இனிது முடிகிறது. சில நாட்களிலோ எண் ஓரிடத்திலேயே நின்றுவிடுகிறது. அல்லது ‘புதுப்பிப்பை முடிக்க இயலவில்லை, மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன’ என்ற செய்தி வருகிறது. அல்லது திரை இருண்டே கிடக்கிறது. நாளைக் காலையில் கல்லூரியில் ஒப்படைக்க வேண்டிய கட்டுரையோ அந்தப் பொறிக்குள்ளே இருக்கிறது. அவ்வேளையில் செய்யத் தக்கது யாது, செய்யத் தகாதது யாது என்பதே நாம் ஆராயப்போகும் பொருள்.

ஒரு கணிப்பொறிக்குள் இருவகைச் செல்வங்கள் உள்ளன. முதலாவது, இயங்குதளம். விசைப்பலகையில் நாம் தட்டிய எழுத்தைத் திரைக்குக் கொண்டு செல்வதும், எழுதியதை வன்தட்டில் சேர்த்து வைப்பதும், அச்சுப்பொறிக்கு ஆணையிடுவதும், ஒவ்வொரு மென்பொருளுக்கும் வேண்டிய இடத்தையும் நேரத்தையும் பங்கிட்டுத் தருவதும் அதன் தொழில். அது உலகெங்கும் கோடிக்கணக்கான பொறிகளில் ஒரே வடிவில் இருப்பது. கெட்டுப்போனால் மீண்டும் பெற்றுக்கொள்ளலாம். இரண்டாவது, நீங்கள் படைத்தவை. உங்கள் கட்டுரை, உங்கள் குறிப்பு, உங்கள் பாட்டனாரின் புகைப்படம் ஆகியவற்றுக்கு வேறு படி எடுத்து வைத்திராவிட்டால், உலகில் எங்கும் வேறு படி இல்லை. பழுது நேர்ந்தபோது மனிதர் செய்யும் பெருந்தவறு, முதல்வகையைக் காப்பாற்றும் அவசரத்தில் இரண்டாம் வகையை இழந்துவிடுவதுதான். மீண்டும் கிடைக்கக் கூடியதற்காக மீண்டும் கிடைக்காததைப் பணயம் வைத்தலாகாது. இனி நான் சொல்லும் வழிகள் யாவும் இந்த ஒரு விதியிலிருந்து பிறந்தவையே.

நம்மவர் வீடுகளில் மிகுதியாக வழங்குவது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் என்னும் இயங்குதளம். ஆதலால் அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

புதுப்பிப்பு என்பது, இயங்குதளத்தின் கோப்புகள் சிலவற்றை அகற்றி, திருத்திய கோப்புகளை அவ்விடங்களில் வைத்தலாகும். ஓடுகின்ற வண்டியின் சக்கரத்தைக் கழற்ற இயலாது; வண்டி நின்றாக வேண்டும். பயன்பாட்டில் உள்ள கோப்பையும் அவ்வாறே மாற்ற இயலாது. ஆதலால்தான் பொறி தன்னை நிறுத்தி மீண்டும் தொடங்குகிறது. பெரிய புதுப்பிப்பு நான்கு கட்டங்களாக நடைபெறும். முதற்கட்டத்தில், பழைய இயங்குதளம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே புதிய கோப்புகள் இறக்கப்பட்டு, இடம் போதுமா என்று பார்க்கப்படுகிறது. இரண்டாம் கட்டத்தில் பொறி மீண்டும் தொடங்க, தனியான சிறிய இயங்குதளம் ஒன்று விழித்தெழுந்து, பழையதை ஒருபுறம் ஒதுக்கி வைத்துப் புதியதை அவ்விடத்தில் நிறுத்துகிறது. மூன்றாம் கட்டத்தில் புதிய இயங்குதளம் முதன்முறையாகக் கண் திறந்து, திரை, ஒலி, வலைத்தொடர்பு முதலிய உறுப்புகளை அடையாளம் காண்கிறது. நான்காம் கட்டத்தில் உங்கள் அமைப்புகளை எல்லாம் ஏற்று வேலையை முடிக்கிறது.

பழைய இயங்குதளம் அழிக்கப்படவில்லை, ஒதுக்கியே வைக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். இடையில் தடை நேர்ந்தால் பொறி வந்த வழியே திரும்பிப் பழையதை மீண்டும் அரியணையில் ஏற்றுகிறது. ‘மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன’ என்ற செய்தியின் பொருள் இதுதான். அது அபாய அறிவிப்பு அன்று. பொறி தன்னைத் தானே காத்துக்கொள்ளும் முயற்சி. அந்த நேரத்தில் பதறிப்போய் மின்சாரத்தை நிறுத்துவோர், பாதி ஆற்றைக் கடந்து திரும்பும் ஓடத்தைக் கவிழ்ப்பவர் ஆவர். பெரிய புதுப்பிப்பு முடிந்த பிறகும் பழைய இயங்குதளம் பத்து நாட்கள் வரை ஒரு கோப்புறையில் வைக்கப்பட்டிருக்கும். புதியது ஒத்துவரவில்லை எனின், அந்நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பிவிடலாம்.

எனவே முதல் மருந்து பொறுமை. எண் அசையாமல் நின்றாலும், வன்தட்டின் விளக்கு மின்னிக்கொண்டிருக்குமாயின் உள்ளே வேலை நடக்கிறது என்று கொள்ளுங்கள். பழைய பொறிகளில் இரண்டு மூன்று மணி நேரம் ஆவதும் உண்டு. மடிக்கணினியாயின் மின்னிணைப்பைப் பொருத்தி வையுங்கள்.

பொறி பழைய நிலைக்குத் திரும்பி நல்லபடியாகத் திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே மறுபடியும் புதுப்பிக்கத் தொடங்கலாமா? கூடாது. முதலில் உங்கள் கட்டுரைகளையும் படங்களையும் வெளியிலுள்ள ஒரு பென் டிரைவிலோ வேறு வன்தட்டிலோ படியெடுத்துக்கொள்ளுங்கள். படியெடுத்த கோப்புகளில் ஒன்றிரண்டைத் திறந்து பார்த்து, சரியாக உள்ளனவா என்று உறுதி செய்யுங்கள். அதன் பிறகே பழுதைத் தேட வேண்டும்.

தேடுவதற்குத் துணையாகப் பொறியே ஓர் எண்ணைத் தருகிறது. அமைப்புகள் என்னும் பகுதியில் புதுப்பிப்பு வரலாறு என்ற இடத்தில் அது எழுதப்பட்டிருக்கும். எண்ணின் முன்னால் நிற்கும் சுழியும் எக்ஸ் என்னும் எழுத்தும், அது பதினறும எண்முறையில் எழுதப்பட்டது என்பதற்கு அடையாளம். பெரிய புதுப்பிப்புகளில் இரண்டு எண்கள் சேர்ந்து வருவதும் உண்டு. ‘சி1900101’ என்று ஓர் எண்ணும், அதனை அடுத்து ‘30018’ என்பது போன்ற மற்றோர் எண்ணும் வந்தால், முதலாவது எண் ‘உறுப்பை இயக்கும் மென்பொருள் ஒன்று ஒத்துழைக்கவில்லை போலும்’ என்று குறிப்பால் உணர்த்துகிறது. இரண்டாவது எண்ணின் முதல் இலக்கம், நான் முன்பு சொன்ன நான்கு கட்டங்களில் எக்கட்டத்தில் தடை நேர்ந்தது என்பதைக் காட்டுகிறது. மூன்று என்றால், புதிய இயங்குதளம் முதன்முறை கண் திறந்தபோது நேர்ந்தது என்று பொருள். இத்தகைய எண்களைத் தாளில் குறித்துக்கொள்ளாமல் சன்னலை மூடிவிடுவோர், நாடி பார்க்குமுன் நோயாளியை எழுப்பி அனுப்பிவிடும் மருத்துவரைப் போன்றவர்.

அடுத்து, காரணங்களை எளியதிலிருந்து அரியதற்கு என்ற முறையில் ஆராய வேண்டும். ஒருமுறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். ஐந்து மாற்றங்களை ஒருங்கே செய்தால், நோய் தீர்ந்தாலும் எந்த மருந்தால் தீர்ந்தது என்று தெரியாது. முற்றினாலும் எதனால் முற்றியது என்று தெரியாது.

முதலாவது, இடம். பெரிய புதுப்பிப்புக்கு ஏறத்தாழ 20 கிகாபைட் காலியிடம் இருத்தல் நலம். இடம் வேண்டும் என்பதற்காக உங்கள் கோப்புகளை அழிக்க வேண்டுவதில்லை; குப்பைத் தொட்டியையும் தற்காலிகக் கோப்புகளையும் அகற்றினாலே பெரும்பாலும் போதும்.

இரண்டாவது, நாளும் நேரமும். கணிப்பொறியின் தாய்ப்பலகையில் நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று உண்டு. பொறி அணைந்திருக்கும் போதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுவே. சில ஆண்டுகளில் அது வலுவிழந்தால், பொறியின் நாட்காட்டி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். புதுப்பிப்பை வழங்கும் நிலையத்தின் சான்றிதழோ குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே செல்லத்தக்கது. தவறான நாளை நம்பும் பொறி அச்சான்றிதழைப் பொய்யென்று கருதித் தொடர்பை மறுத்துவிடும். சில ரூபாய் விலையுள்ள மின்கலம் பெரிய தடையாக நிற்பது இவ்வாறுதான்.

மூன்றாவது, வெளியிணைப்புகள். விசைப்பலகை, சுட்டி தவிர, அச்சுப்பொறி, பென் டிரைவ், நினைவட்டை முதலிய யாவற்றையும் கழற்றிவிட்டு மீண்டும் முயலுங்கள். நான்காவது, தனியே வாங்கி நிறுவிய நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள். கோப்பு மாற்றத்தைக் கண்டு அது ஐயுற்றுத் தடுப்பதும் உண்டு. தற்காலிகமாக அதனை நீக்கிப் பார்க்கலாம். ஐந்தாவது, அரைகுறையாக இறங்கிய கோப்புகள். இவை ‘சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்னும் கோப்புறையில் தங்கியிருக்கும். புதுப்பிப்புப் பணியை நிறுத்திவிட்டு, அக்கோப்புறைக்கு வேறு பெயர் இட்டால், பொறி புதிதாக ஒன்றை அமைத்துக்கொண்டு முதலிலிருந்து இறக்கும். அதனை அழிக்காமல் பெயர் மாற்றச் சொல்வது ஏன் எனின், திரும்பும் வழியை அடைக்காமல் இருத்தற்காகவே.

இவற்றாலும் தீரவில்லை எனின், இயங்குதளத்தின் கோப்புகளே சிதைந்திருக்கலாம். இதற்கு இரண்டு ஆணைகள் உண்டு. அவற்றின் வரிசை முக்கியமானது. விண்டோஸ், தன் கோப்புகளுக்கான மூலப்படிகளை ஒரு களஞ்சியத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. அதனை உழவர் வீட்டு விதைநெல்லாகக் கொள்ளுங்கள். இயங்கும் கோப்புகள் வயலில் நிற்கும் பயிர். ‘எஸ்.எஃப்.சி.’ என்னும் ஆணை வயலைச் சுற்றிப் பார்த்து, பட்டுப்போன பயிர் இருக்கும் இடத்தில் விதைநெல்லிலிருந்து மீண்டும் நடுகிறது. ‘டிஸ்ம்’ என்னும் ஆணை விதைநெல்லையே ஆராய்ந்து, பூச்சி அரித்ததை நீக்கி, நிறுவனத்தின் நிலையத்திலிருந்து நல்ல விதையைத் தருவிக்கிறது. விதை கெட்டிருக்கும்போது நட்டுப் பயன் இல்லை. ஆதலால் டிஸ்ம் முன்னும், எஸ்.எஃப்.சி. பின்னும் வருதல் முறை.

இவ்வளவும் செய்தபின், பழுது நம்மிடத்தில் இல்லாமலும் இருக்கலாம் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். 2024 ஜனவரி 9 ஆம் நாள், விண்டோஸ் 10 பொறிகளுக்கு 5034441 என்னும் எண்ணுள்ள புதுப்பிப்பு ஒன்று வந்தது. வன்தட்டின் மறைகுறிப் பூட்டை மீட்புப் பகுதியின் வழியாகத் திருடர் கடந்து செல்லக்கூடிய குறை ஒன்றை அடைப்பது அதன் நோக்கம். பல பொறிகளில் அது நிறைவேறவில்லை. திரையில் தோன்றிய எண் 80070643. ‘நிறுவுதல் தவறியது’ என்பதே அவ்வெண்ணின் பொதுப்பொருள். நோயாளி ‘உடம்பு சரியில்லை’ என்று சொல்வது போன்றது. உண்மைக் காரணம், மீட்புப் பகுதிக்கென்று வன்தட்டில் ஒதுக்கிய சிறு பிரிவில் 250 மெகாபைட் காலியிடம் இல்லாமற் போனதே. முதன்மைப் பிரிவில் நூற்றுக்கணக்கான கிகாபைட் காலியாகக் கிடந்தாலும் அது இதற்கு உதவாது. தவறான எண் காட்டப்படுகிறது என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. பிரிவைப் பெரிதாக்கும் வழியையும் வெளியிட்டது.

அந்நாட்களில், காரணம் அறியாமல் வன்தட்டைத் துடைத்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவ முற்பட்டவர் இருப்பின், அவர் ஊசியால் எடுக்க வேண்டிய முள்ளுக்குக் காலையே வெட்டியவர் ஆவர். பிரிவின் அளவை மாற்றுவதும் கைதவறினால் கோப்புகளுக்கு ஊறு செய்யும் வேலையே. படியெடுத்து வைக்காத ஒருவர் அதனைத் தொடாமல் காத்திருத்தலே அறிவுடைமை. நிறுவனம் தான் அறிந்த குறைகளின் பட்டியலை வெளியிட்டு வருகிறது. எண்ணையும் நாளையும் கொண்டு அப்பட்டியலைப் பார்ப்பது, கருவிகளைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய கடமை.

இனி, கடினமான நிலைக்கு வருவோம். பொறி திறக்கவேயில்லை. நெடுநேரம் காத்திருந்தும் விளக்கும் மின்னவில்லை, எண்ணும் அசையவில்லை எனின், மின்பொத்தானைச் சுமார் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணைக்கலாம். அடுத்தடுத்து இரண்டு முறை தொடங்க முடியாமற் போனால், விண்டோஸ் தன் மீட்புப் பகுதியைத் தானே திறந்துகொள்ளும். அங்கே பல வாயில்கள் உண்டு. தொடக்கப் பழுதைப் போக்குதல், கடைசியாக வந்த புதுப்பிப்பை நீக்குதல், முன்பு குறித்து வைத்த நிலைக்குத் திரும்புதல் என்ற வரிசையில் ஒவ்வொன்றாக முயலுங்கள். முழுவதையும் மீளமைத்தல் என்னும் வாயில் கடைசியாக நாட வேண்டியது. அதிலும் ‘என் கோப்புகளை வைத்திரு’ என்றும் ‘யாவற்றையும் அகற்று’ என்றும் இரண்டு கிளைகள் உண்டு. முதற்கிளையில் சென்றாலும் நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். இரண்டாவதில் சென்றால் எல்லாமே போய்விடும். களைத்த கண்களோடு நள்ளிரவில் தேர்ந்தெடுக்கும் வேலை அன்று அது.

மீளமைக்கும் முன் கோப்புகளை வெளியே எடுக்க வழி உண்டா? உண்டு. இயங்குதளம் கெட்டாலும் வன்தட்டு கெட்டுவிடவில்லை. லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பொறியைத் தொடங்கி, உங்கள் கோப்புகளை வேறொரு வன்தட்டுக்குப் படியெடுக்கலாம். அல்லது வன்தட்டைக் கழற்றி மற்றொரு பொறியில் இணைத்துப் படியெடுக்கலாம். நன்கு பழகிய ஒருவரைத் துணைக்கு அழைப்பதில் இழுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ‘முதலில் கோப்புகளைப் படியெடுங்கள்’ என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மீட்புப் பகுதியிலிருந்து செல்லக்கூடிய மற்றொரு வாயில் ‘சேஃப் மோட்’ எனப்படும் காப்பு நிலை. இன்றியமையாத உறுப்புகளை மட்டும் எழுப்பிக்கொண்டு, மற்றவற்றை உறங்கவிட்டுப் பொறி தொடங்கும் நிலை அது. அதன் பயனை உலகமே ஒருநாள் கண்டது. 2024 ஜூலை 19 ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதுபட்ட கோப்பு ஒன்றால் உலகெங்கும் விண்டோஸ் பொறிகள் முடங்கின. மைக்ரோசாப்ட் மதிப்பிட்ட கணக்கு, 85 இலட்சம் பொறிகள். அவை பெரும்பாலும் அலுவலகங்களுக்கும் விமான நிலையங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் உரியவை. அங்கே பழுதுபட்டது இயங்குதளப் புதுப்பிப்பு அன்று. இயங்குதளத்தின் உள்ளே புகுந்து காவல் செய்யும் மென்பொருளின் புதுப்பிப்பு. ஆனால் தீர்ந்த முறை நமக்குப் பாடமாகிறது. காப்பு நிலையில் பொறியைத் திறந்து, பிழையுள்ள அக்கோப்பை நீக்கியவுடன் பொறி நலமுற்றது. மலைபோல் தோன்றிய துன்பத்தின் காரணம் ஒரு சிறு கோப்பு.

ஆயினும் அன்று பலர் வாயிலின் முன் நின்று திகைத்தனர். வன்தட்டு மறைகுறிப் பூட்டால் காக்கப்பட்டிருந்த பொறிகள், 48 இலக்கமுள்ள மீட்புத் திறவுகோலைக் கேட்டன. இன்று வீட்டுக் கணிப்பொறிகள் பலவற்றிலும் அப்பூட்டு உரிமையாளர் அறியாமலே போடப்பட்டுள்ளது. திறவுகோல் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். பொறி நலமாக இருக்கும் இன்றே அதனைத் தேடி எடுத்து, தாளில் எழுதி, பத்திரமாக வையுங்கள். பூட்டிய அறைக்குள் சாவியை வைத்துவிட்டு வெளியே நிற்பதில் பயன் இல்லை.

படியெடுத்து வைத்தலைப் பற்றி நான் திரும்பத் திரும்பக் கூறுவது மிகையென்று எண்ண வேண்டாம். 2018 அக்டோபர் 2 ஆம் நாள் விண்டோஸ் 10க்கு ஒரு பெரிய புதுப்பிப்பு வெளியிடப்பட்டது. அது தடையின்றி நிறைவேறிய பொறிகள் சிலவற்றில், உரிமையாளரின் ஆவணங்களும் படங்களும் மறைந்துபோயின. அக்டோபர் 6 ஆம் நாளுக்குள் நிறுவனம் அதனை நிறுத்தி வைத்தது. திருத்தி, நவம்பர் 13 ஆம் நாள் மீண்டும் வெளியிட்டது. தவறிப்போன புதுப்பிப்பில் மட்டுமல்லாமல், நிறைவேறிய புதுப்பிப்பிலும் இழப்பு நேரலாம் என்பதற்கு இது சான்று. வேறிடத்தில் படி வைத்திருந்தவருக்கு அது ஒரு மணி நேரத் தொல்லை. வைத்திராதவருக்கு ஆண்டுக்கணக்கான உழைப்பின் இழப்பு.

‘இத்தனை இடர் உண்டெனின், புதுப்பிக்காமலே இருந்துவிடலாமே’ என்று உங்களுள் சிலர் கேட்கலாம். அதற்கும் வரலாறு விடை கூறுகிறது. விண்டோஸில் இருந்த ஓட்டை ஒன்றை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் 2017 மார்ச் 14 ஆம் நாள் வெளியிட்டது. ஏறத்தாழ இரண்டு திங்கள் கழித்து, மே 12 ஆம் நாள், ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல் அதே ஓட்டையின் வழியாகப் புகுந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. நூற்றைம்பது நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பொறிகள் அதற்கு இரையாயின. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. மருந்து வந்து இரண்டு திங்களாகியும் உண்ணாதிருந்தவர்களே பெரிதும் வருந்தினர். கூரை வேயும்போது ஓடு ஒன்று நழுவி விழலாம். அதற்கு அஞ்சி வேயாது விட்ட வீடு மழைக்குத் தப்பாது.

மாணவ நண்பர்களே, கணிப்பொறியின் பழுதைத் தீர்ப்பதற்குப் பேரறிவு வேண்டுவதில்லை. இழந்தால் மீளாதது எது என்று முதலில் அறிந்து அதனைக் காத்தல், பொறி கூறுவதைப் பொறுமையோடு படித்தல், எளிய காரணத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக ஆராய்தல், ஒவ்வோர் அடியிலும் திரும்பும் வழியைத் திறந்து வைத்தல் ஆகிய நான்குமே போதும். இந்நான்கும் ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்கும் பாடங்களே. இன்று இரவு பொறியை அணைக்குமுன், அரைமணி நேரம் ஒதுக்கி, உங்கள் எழுத்துகளுக்கு ஒரு படி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். பிறகு எந்தப் புதுப்பிப்பு வந்தாலும், அது தடைப்பட்டாலும், நீங்கள் பதற வேண்டியிராது.